ஏழாவது அடுக்கு

– தோள இறக்கும்மா. பரீட்சைக்கு வந்த பிள்ளையாட்டம் விறைச்சுக்கிட்டு உக்காந்திருக்க.

– பரீட்சைதானடி இது. அதுவும் வாத்தியார் யாரு, நான் பெத்த மகள். கடையில அரை நாள் லீவு சொல்லிட்டு வந்திருக்கேன். கண்ணாடிக்கு அளவெடுக்க ஆள் இல்லன்னு முதலாளி மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டாரு.

– ஒரு நாள் அவரே அளவெடுக்கட்டும். சுதி சரியா இருக்கா பாத்தியா?

– வாயக் கழுவு. மாஸ்டர் கிடாருக்குச் சுதி சேக்கத்தான் பதினெட்டு வருஷத்துக்கு முன்னாடி எனக்குச் சம்பளமே குடுத்தாங்க. என்ன வேணா குறை சொல்லு, அதச் சொல்லாத.

– சரி, சொல்லல. மாஸ்டர் மூணு மணிக்கு வர்றேன்னு சொல்லியிருக்காரு. நாலு மணிக்கு ரயில் மெட்டு ரெக்கார்டோட அட்டை அச்சுக்குப் போகுது. அதுக்குள்ள கிடார் வாசிச்சது யாருன்னு கம்பெனிக்காரருக்கு ஒரு பேரு சொல்லணும். இல்லன்னா பழையபடி மாஸ்டர் பேரையே போட்டுடுவாங்க.

– போட்டா போடட்டும். இத்தனை வருஷம் போட்டதுதானே.

– பாத்தியா, வாசிக்கறதுக்கு முன்னாடியே மூட்டை கட்டற.

– மூட்டை கட்டலடி. காலையில எட்டு பத்து ரயிலுக்கு நிக்கறேன் பாரு, தினம் கேக்கறேன் அத. ஒரே கம்பியில எட்டுத் தட்டு, அப்புறம் அந்த மெட்டு, அப்புறம் 'பயணிகள் கவனத்திற்கு'. அந்த எட்டுத் தட்டு விழுந்ததும் கூட்டமே தலையத் தூக்கும். எனக்கு மட்டும் கை விரல் துடிக்கும். ஆனா பக்கத்துல நிக்கறவங்ககிட்ட ஒரு நாள்கூட 'இது நான்தான்'னு சொன்னதில்ல.

– ஏன் சொல்லல? வாசிச்சது நீதானே?

– வாசிச்சேன். மாஸ்டர் வரல, 'நீ ஒரு தடவை வாசிம்மா'ன்னு ரெக்கார்டிங் அண்ணன் சொன்னாரு, வாசிச்சேன். அது நிஜம். முடிச்சு எந்திரிச்சதும் வலி எடுத்துடுச்சு, ஆஸ்பத்திரிக்கு ஓடியாச்சு, நீ வந்து விழுந்த. அதுக்கப்புறம் மாஸ்டர் வந்து திரும்ப முழுசா வாசிச்சாருன்னும், என்னுத அழிச்சுட்டு அவருதத்தான் வச்சாங்கன்னும் அவரு சொல்றாரு. இருக்கலாம்ல? உள்ள இருந்தது ரெக்கார்டிங் அண்ணன் ஒருத்தர்தான். அவரும் போய்ச் சேந்துட்டாரு.

– கேக்கறப்போ உனக்கே தெரியாதா?

– தெரியற மாதிரிதான் இருக்கு. ஆனா காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு. என் காது எனக்குச் சாதகமாத்தானே பேசும், அத எப்படி நம்பறது? ஸ்டேஷன்ல கேக்கறது நானா, அவரா, எனக்கே தெரியாதுடி வாலு. பேரு போடறது அப்புறம். எனக்கு அது தெரிஞ்சா போதும்.

– இன்னிக்குத் தெரிஞ்சுடும். கம்பெனி அந்தப் பழைய டேப்ப கம்ப்யூட்டர்ல ஏத்தி அனுப்பியிருக்கு. வேற வாத்தியம் எதுவும் சேராத தனி கிடார். இப்போ ஒண்ணு பண்ணு. எந்த விரலும் அழுத்தாம, அந்தக் கம்பிய சரியா நட்ட நடுவுல ஒரு தட்டு.

– இந்தா.

– எப்படி இருக்கு?

– போர்வைக்குள்ளேருந்து பேசற மாதிரி இருக்கு.

– இப்போ பிரிட்ஜுக்கு ஒட்டினாப்ல. கம்பி போய்க் கட்டியிருக்கற கட்டை பக்கம்.

– இது மூக்கால பேசுது. சண்டைக்கு நிக்கற மாதிரி. இது தெரிஞ்சதுதானே, நீ பொறக்கறதுக்கு முன்னாடியே எனக்குத் தெரியும்.

– தெரியும், ஏன்னு தெரியுமா? ஒரு கம்பி ஒரே ஒரு மாதிரி ஆடறதில்லம்மா. முழுசா ஒரு ஆட்டம், அதே நேரத்துல ரெண்டு பாதியா பிரிஞ்சு ஒரு ஆட்டம், மூணா, நாலா, அஞ்சா, இப்படி அடுக்கு அடுக்கா ஆடும். எல்லாம் சேந்துதான் நம்ம காதுல விழற அந்த ஒரு சத்தம். ரெண்டா பிரிஞ்சு ஆடறப்போ சரியா நடுவுல ஒரு புள்ளி அசையாம நிக்கும். நீ போய் அந்தப் புள்ளியிலயே தட்டினா அந்த ஆட்டம் கிளம்புமா?

– ஏன் கிளம்பாது?

– பார்க்குல சீசா பலகை இருக்குல்ல, அத நடு ஆணிமேல அமுக்கிப் பாரு, ஆடுமா?

– ஆடாது. ஓரத்துல அமுக்கினாதான் ஆடும்.

– அவ்வளவுதான். கம்பியோட நீளத்துல அஞ்சுல ஒரு பங்கு தள்ளித் தட்டினா அஞ்சாவது அடுக்கு பொறக்காது, பத்தாவது பொறக்காது, பதினஞ்சாவது பொறக்காது. நாலுல ஒரு பங்குன்னா நாலு, எட்டு, பன்னெண்டு. எந்த அடுக்கு காணோமோ அது கை எங்க இருந்துச்சுன்னு சொல்லிடும். கம்ப்யூட்டர்ல கோடு கோடா வரும், இல்லாத அடுக்கு பல்லு விழுந்த இடம் மாதிரி பளிச்சுன்னு தெரியும்.

– அப்போ கை வச்ச இடம் டேப்புல பதிஞ்சிருக்கா? இத்தனை வருஷம் கழிச்சும்?

– அப்படியே இருக்கு. ரயில் மெட்டுல அந்த எட்டுத் தட்டுலயும் எந்தப் பல்லு இல்லன்னு காலையிலயே பாத்துட்டேன். உன்கிட்ட சொல்ல மாட்டேன். சொன்னா கை தானா அங்க போயிடும். இரு, யாரோ படி ஏறுறாங்க.

– அவருதான். செருப்புச் சத்தத்துலயே தாளம் போட்டுட்டு வர்றாரு பாரு.

– வாங்க சார், உள்ள வாங்க. படி கொஞ்சம் செங்குத்து.

– நான் எங்கம்மா படி ஏறினேன், படிதான் என்மேல ஏறிச்சு. புரியுதா? ஏம்மா, எப்படி இருக்க? இன்னும் அந்தக் கண்ணாடிக் கடைதானா? இது யாரு, அன்னிக்கு உன் வயித்துல இருந்த பாப்பாவா?

– அதே பாப்பாதான் மாஸ்டர். இங்கதான் ஒலிப்பதிவு வேலை பழகுறா.

– நல்லா பழகட்டும். என்னைப் பத்தி கம்பெனிக்கு லெட்டர் எழுதற அளவுக்குப் பழகியிருக்கா, கேட்டேன். கோவமெல்லாம் இல்ல பாப்பா. பெரிய மெட்டுன்னா நாலு பேரு உரிமை கொண்டாடத்தான் செய்வாங்க. நான் வேலைய சுலபமாக்கி எடுத்துட்டு வந்திருக்கேன். இந்தா, டைப் பண்ணியே வச்சிருக்கு. 'ரயில் மெட்டில் கிடார் வாசித்தது நான் அல்ல என்று இதன் மூலம் தெரிவிக்கிறேன்.' உங்கம்மா கீழ ஒரு கையெழுத்து போட்டா எல்லாருக்கும் நிம்மதி.

– போடுவாங்க சார், அம்மா வாசிச்சது டேப்புல இல்லன்னா. முதல்ல நீங்க ரெண்டு பேரும் அந்த எட்டுத் தட்டு தட்டிக் காட்டணும். கம்பெனிக்காரர் உங்ககிட்டயும் சொன்னாருல்ல?

– சொன்னாரு. நான் பயந்தவனா? அந்த மெட்ட மேடையில எத்தனை ஆயிரம் தடவை வாசிச்சிருக்கேன் தெரியுமா? தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் ஒரு நூல் பிசகாது.

– பிசகாது சார். அதனாலதான் காதால கேட்டுக் கண்டுபிடிக்க முடியல. நான் வேற ஒண்ணு கேக்கறேன். கம்பிய எந்த இடத்துல தட்டுவீங்க?

– இதென்ன கேள்வி? துளைக்கு மேல. கிடாருக்குத் துளை வச்சதே கைக்கு அதுதான் வீடுன்னு சொல்லத்தான். என்ன சொல்றேன், நான் கிடார் தொட்ட நாள்லேருந்து அங்கதான்.

– அன்னிக்கும் அங்கதானா?

– அன்னிக்கும், இன்னிக்கும், நாளைக்கும். கைய மேயவிடறவன் வாத்தியக்காரனே இல்ல. ஏம்மா, நான் உனக்கு இதத்தானே சொல்லிக் குடுத்தேன்?

– நாலு பேரு முன்னாடி சொல்லிக் குடுத்தீங்க மாஸ்டர். ஸ்கேலால கைமேல ஒண்ணு போட்டு.

– அப்புறம் சார், டேப்புல அந்த எட்டுத் தட்டோட சத்தம் கண்ணாடிச் சில்லு மாதிரி இருக்கே. மேடையில நீங்க வாசிக்கறப்போ அப்படி இல்லையே?

– அது கம்பி சமாச்சாரம். அன்னிக்கு வெளிநாட்டுலேருந்து வந்த ஒரு ஜதை கம்பி போட்டிருந்தேன். பத்திரிகையில எல்லாம் வந்துச்சே, நீ படிச்சதில்லையா? அந்தக் கம்பி இப்போ வர்றதில்ல.

– படிச்சிருக்கோம் மாஸ்டர். அதப் படிச்சுட்டு ஊருல இருக்கற பசங்க பூரா கடை கடையா அந்தக் கம்பியத் தேடினாங்க. ஆனா அன்னிக்குக் கிடார்ல இருந்தது பழைய கம்பி. நான்தானே மாட்டி சுதி சேத்தவ.

– உனக்கு அன்னிக்கு எது ஞாபகம் இருந்துச்சும்மா? வலியில துடிச்சுக்கிட்டிருந்த.

– சண்டை அப்புறம். அம்மா, நீ முதல்ல. ஸ்க்ரீனப் பாக்காத, கண்ண மூடிக்கோ. நீ எப்பவும் உக்காருற மாதிரி உக்காந்து எட்டுத் தட்டு.

– தட்டவா?

– தட்டு.

– ...ஏழு, எட்டு. போதுமா?

– போதும்.

– என்னடி, என்ன தெரியுது?

– இன்னொரு தடவை தட்டு.

– தட்டியாச்சு. என்ன, சொல்லித் தொலை.

– அஞ்சாவது அடுக்கு இல்ல.

– அது நல்லதா கெட்டதா?

– சார், இப்போ நீங்க. இந்தக் கிடாரே வாசிக்கலாம்ல?

– குடு இப்படி. எந்தக் கிடாரா இருந்தா என்ன, ஆடத் தெரிஞ்சவளுக்குக் கூடமெல்லாம் கோணாது. கேட்டுக்கோ பாப்பா.

– ...எட்டு. சரி சார். உங்களுக்கு நாலாவது அடுக்கு இல்ல. சரியா துளைக்கு மேல. நீங்க சொன்னது சொன்னபடி.

– பின்ன? நாப்பது வருஷ கை. சரி, டேப்புல எந்த அடுக்கு இல்ல? அதச் சொல்லு.

– ஏழாவது.

– என்ன?

– டேப்புல எட்டுத் தட்டுலயும் ஏழாவது அடுக்கே இல்ல சார். பதினாலாவதும் இல்ல. கை பிரிட்ஜ்லேருந்து ஒம்பது சென்டிமீட்டர், கொஞ்சம் கூட. உங்க கை பதினாறுல இருக்கு. அம்மா கை பதிமூணுல இருக்கு.

– ஹ. அப்போ உன் மெஷின் என்ன சொல்லுது, அவளும் இல்ல, நானும் இல்ல, மூணாவதா ஒரு ஆள் வந்து வாசிச்சான்னா? பேயா? பாப்பா, பாடம் படிச்சிருக்க, சந்தோஷம். ஆனா வாத்தியத்த கணக்குல கட்டி வைக்க முடியாது, புரியுதா?

– இல்ல சார், இது தப்பாது. அம்மா, நீ நல்லா யோசி. அன்னிக்குக் கை எங்க வச்சிருந்த?

– பதினெட்டு வருஷமாச்சுடி. கைய யாரு பாத்தா? கண்ண மூடிக்கிட்டு வாசிச்சேன். எப்பவும் வைக்கற இடத்துலதான் வச்சிருப்பேன்.

– எப்பவும் வைக்கற இடம் அஞ்சுல ஒண்ணும்மா. அது டேப்புல இல்ல.

– அப்போ அது நானில்ல. விடு.

– அம்மா.

– விடுடின்னு சொல்றேன்ல. தெரிஞ்சுக்கணும்னு கேட்டேன், தெரிஞ்சு போச்சு. வேற யாரோ. நாளைக்கு ஸ்டேஷன்ல விரல் துடிக்காம நிக்கலாம். மாஸ்டர், பேனா வச்சிருக்கீங்களா?

– இந்தா. இதுதான் பெரிய மனசுங்கறது. உன்ன நான் குறை சொல்லலம்மா. நீ வாசிச்ச, யாரு இல்லன்னா? ஆனா அன்னிக்கு நீ இருந்த இருப்பு என்ன, நிறைமாசம். கிடார வைக்க மடின்னு ஒண்ணு இருந்துச்சா உனக்கு? வயித்துமேல கிடார வச்சுக்கிட்டு எவளாவது ஒழுங்கா வாசிக்க முடியுமா? அதனாலதான் ரெக்கார்டிங் அண்ணனே என்னைக் கூப்பிட்டனுப்பினாரு. இங்க, கீழ போடு. என்ன நிறுத்திட்ட?

– இப்போ என்ன சொன்னீங்க?

– கையெழுத்து போடச் சொன்னேன்.

– அதுக்கு முன்னாடி. மடி.

– மடி இல்லன்னேன். உண்மைதானே, அதுல கோவிச்சுக்க என்ன இருக்கு?

– கோவமில்ல மாஸ்டர். மடி இல்லதான். கிடார் நிக்கவே மாட்டேங்குது. வலது தொடையில வச்சா வயிறு தள்ளித் தள்ளி விடுது. அப்புறம் அண்ணன்தான், 'இடது பக்கம் தள்ளி, இடது தொடைமேல சாச்சு வை'ன்னாரு. அடி வாலு, கிடார் முழுசா இடது பக்கம் போயிடுச்சு. வலது கை இந்த மலையச் சுத்திப் போகணும். எட்டலடி. துளை எங்கயோ இருந்துச்சு. கை எட்டினது பிரிட்ஜ் வரைக்கும்தான்.

– இரு. இரு இரு. எழுந்திரிக்காத.

– எங்க போற? அந்த டிரம்மப் போய் ஏன் குடையற?

– பெரிய டிரம்முக்குள்ள தலகாணி வச்சிருப்போம், சத்தம் குமுறாம இருக்க. இந்தா, இது போதுமா? இவ்வளவு பெருசா இருந்தேனா நான்?

– இதவிடப் பெருசு. மூணே முக்கால் கிலோ. இன்னொண்ணு இருந்தா குடு. ஆங், அந்த சோபாவுல கிடக்கறது. ரெண்டையும் சேத்துக் கட்டு.

– மைக் ஒயர்தான் இருக்கு. மூச்ச இழு. இறுக்கமா இருக்கா?

– அன்னிக்கு இருந்த இறுக்கத்துக்கு இது ஒண்ணுமேயில்ல. சிரிக்காதீங்க மாஸ்டர், நீங்க கேட்ட மடி இதுதான்.

– நான் எங்கம்மா சிரிச்சேன். பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன்.

– அம்மா, கைய நீயா எங்கயும் கொண்டுபோய் வைக்காத. கிடார இடது தொடையில சாச்சுக்கோ. கண்ண மூடு. கை எங்க விழுதோ அங்க விழட்டும். நான் கேக்கற வரைக்கும் எதையும் யோசிக்காத. தட்டு.

– ...ஏழு, எட்டு.

– அம்மா.

– ம்.

– கண்ணத் தொற. ஸ்க்ரீனப் பாரு. மேல இருக்கறது டேப்பு. கீழ இருக்கறது இப்போ நீ தட்டினது. ஆறாவது கோடு இருக்கு, எட்டாவது கோடு இருக்கு, நடுவுல பாரு.

– பல்லு இல்ல.

– ரெண்டுலயும் இல்ல. அதே பல்லு. பதினாலுலயும் பாரு, அதே ஓட்டை. நீதாம்மா. நீயேதான். தினம் காலையில ஸ்டேஷன்ல கேக்கறது நீதான்.

– இரு, ஒயர அவுக்காத, கொஞ்ச நேரம் இப்படியே இருக்கட்டும். சத்தம் கேட்டுச்சா உனக்கு? கண்ணாடிச் சில்லு. அதே சில்லு. நான் கெட்டிக்காரிடி. வெளிநாட்டுக் கம்பியுமில்ல, ஒரு மண்ணுமில்ல.

– ஒரு நிமிஷம். ரெண்டு பேரும் கூத்தாடுறதுக்கு முன்னாடி நான் ஒண்ணு கேக்கலாமா? ஏழுன்னு நீ வாய விட்டுச் சொல்லிட்ட பாப்பா, ஒம்பது சென்டிமீட்டர்னும் சொல்லிட்ட. உங்கம்மா அத மனசுல வச்சுக்கிட்டு வேணும்னே அங்க தட்டியிருக்கலாம்ல?

– நியாயமான கேள்வி சார். கண்ண மூடிக்கிட்டு, தலகாணிக்கு அந்தப் பக்கம், எட்டுத் தடவையும் ஒரே இடத்துல தட்டறது கஷ்டம்தான், ஆனா முடியாதுன்னு நான் சொல்லல. நான் வேற கேக்கறேன். அம்மா கை அங்க போக ஒரு காரணம் இருந்துச்சு. இருந்த காரணம் நான். ஆஸ்பத்திரி சீட்டுல தேதி இருக்கு. உங்க கை அங்க போக என்ன காரணம் சார்? அன்னிக்கும் துளைக்கு மேலதான்னு நீங்களே சொல்லிட்டீங்க. துளைக்கு மேல தட்டினா ஏழாவது அடுக்கு இல்லாம போகவே போகாது.

– மாஸ்டர், தண்ணி குடிக்கிறீங்களா? வேர்க்குது உங்களுக்கு.

– வேணாம். நீ வாசி.

– என்ன வாசிக்க?

– எட்டுத் தட்டோட நிறுத்தாத. மெட்டு முழுக்க வாசி. அந்தத் தலகாணியோடவே.

– இதோட மெட்டு முழுக்கவா? மானம் போகும்.

– யாரு இருக்கா இங்க? நான் உன் வாத்தியார். கேக்கறேன். வாசி.

– ...முடிஞ்சுது மாஸ்டர். நடுவுல ஒரு இடத்துல விரல் வழுக்கிடுச்சு. இப்போல்லாம் தினம் உக்காந்து வாசிக்கறதில்ல.

– வழுக்கினது கேட்டுச்சு. மத்தது எல்லாமும் கேட்டுச்சு. பாப்பா, எத்தனை ஜதை கம்பி வாங்கியிருப்பேன்னு நினைக்கற, இந்தச் சத்தத்துக்காக? வீட்டுல ஒரு அலமாரி பூரா இருக்கு. தடிச்சது, மெலிசு, வெள்ளி பூசினது. மைக்க மாத்தினேன், கிடார மாத்தினேன், நகத்த வளத்தேன், வெட்டினேன். கை மட்டும் ஒரு இம்மிகூட நகரல. நகரக் கூடாதுன்னு ஊருக்கெல்லாம் பாடம் எடுத்தவன் ஆச்சே. மணி என்ன?

– மூணு அம்பது சார்.

– கம்பெனிக்காரருக்குப் போன் போடு. போட்டு என்கிட்ட குடு.

– சார், நீங்க என்ன சொல்லப் போறீங்கன்னு முதல்ல...

– குடுன்னா குடு. ஹலோ. ஆமா, நான்தான் பேசறேன். ரயில் மெட்டு விஷயமா. கிடார்னு போட்டு என் பேரு இருக்குல்ல, அத எடுத்துடுங்க. இல்ல, ரெண்டு பேரும் வேணாம். ஒரே பேருதான். பாப்பா லெட்டர்ல எழுதியிருக்காளே, அந்தப் பேரு. எழுத்துப் பிழை இல்லாம போடுங்க. என்னது, எழுதிக் குடுக்கணுமா? சரி, என் கையெழுத்துதானே வேணும், அனுப்பறேன். சந்தேகமெல்லாம் ஒண்ணும் இல்ல. நானே சொல்றேன்ல. சரி, வச்சுடறேன்.

– மாஸ்டர்.

– அழாதம்மா. கிடார் நனையும்.

– அழல. நாளைக்கு எட்டு பத்துக்கு ஸ்டேஷன்ல என் பக்கத்துல நிக்கற பொம்பள பாவம். வருஷக் கணக்கா சொல்லாதத ஒரே மூச்சுல சொல்லப் போறேன். அவ ரயில விட்டாலும் விட மாட்டேன்.

– சார், அந்த டைப் அடிச்ச தாள்?

– அதுவா, அதத் திருப்பி வை. பின்பக்கம் வெள்ளையாத்தான் இருக்கு, அதுலயே எழுதறேன். 'வாசித்தது நான் அல்ல.' ஆள்தான் மாறுது, வாசகம் சரியாத்தான் இருக்கு. இந்தா, கையெழுத்து.

– அப்போ நான் போனப்புறம் நீங்க வந்து திரும்ப வாசிச்சேன்னு சொன்னது?

– ஒரு தட்டுகூடத் தட்டல. டேப்புப் பெட்டி மேல வாசிக்கப் போறவங்க பேர காலையிலயே எழுதிடுவாங்க, அவங்க வந்தாலும் வராட்டாலும். அது அங்க வழக்கம், உனக்கும் தெரியும். அன்னிக்கு எழுதினது என் பேரு. அத அடிச்சுட்டு உன் பேர எழுத ஒரு நிமிஷம் போதும். அந்த ஒரு நிமிஷத்துக்கு எனக்கு மனசு வரல. அப்புறம் மெட்டு ஊர் பூரா கேட்க ஆரம்பிச்சுடுச்சு. பொய்ய இறக்கி வைக்க இடம் கிடைக்கல.

– போகட்டும் மாஸ்டர். என் பங்குக்கு நானும் ஒண்ணு சொல்லிடறேன். உங்கமேல எனக்குப் பெரிய கோவம் இருந்ததில்ல. நீங்க அன்னிக்கு நேரத்துக்கு வந்திருந்தா நான் வாசிச்சே இருக்க மாட்டேன். உங்க வண்டி பஞ்சரானதுல ஓடின ஸ்டெப்னி டயர் நான். ஸ்டெப்னிக்குப் போய் யாரு பேரு வைப்பாங்கன்னு நானே மனசத் தேத்திக்குவேன்.

– வண்டி பஞ்சராகலம்மா.

– பஞ்சர்னுதானே அண்ணன் சொன்னாரு?

– நான் அவர்கிட்ட அப்படிச் சொன்னேன். அன்னிக்கு நான் வந்தேன். கால் மணி நேரம் லேட்டு, அவ்வளவுதான். கதவு மேல சிவப்பு விளக்கு எரிஞ்சுது, அது எரிஞ்சா யாரும் உள்ள போகக் கூடாது. நின்னேன். கதவுல காத வச்சேன். எட்டுத் தட்டு கேட்டுச்சு, மெட்டும் கேட்டுச்சு. விளக்கு அணைஞ்சுது. கைப்பிடியப் பிடிச்சேன், திருகல. அப்படியே படி இறங்கிப் போயிட்டேன்.

– ஏன் மாஸ்டர்? விளக்குதான் அணைஞ்சுடுச்சே.

– நான் வராததால நீ வாசிச்சன்னுதானே இத்தனை வருஷமா நினைச்சுக்கிட்டிருக்க? நீ வாசிச்சதக் கேட்டுட்டதாலதாம்மா நான் உள்ள வரல.